புழுங்கல் அரிசி சொன்ன சாட்சி



பொன்விழா மலருக்குப் பழைய வரலாறு ஒன்றை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது மிகவும் தயங்கினேன். நான் எழுத்தாளன் இல்லை. ஈப்போவில் பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமா முடித்துவிட்டு, அத்தாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் தானா ராத்தாவில் எங்கள் மளிகைக்கடைக்கு வந்து உட்கார்ந்தவன். எனக்குத் தெரிந்தது அரிசி, பருப்பு, மாவு வகையறாதான். ஆகவே அரிசியைப் பற்றியே எழுதுகிறேன். நம் சங்கம் இப்போது எடுக்கவிருக்கும் ஒரு முடிவுக்கும் இந்த அரிசிக் கதைக்கும் தொடர்பு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாட்டனார் சொன்ன பேச்சு

எங்கள் கடையில் பாட்டனார் காலத்திலிருந்தே புழுங்கல் அரிசி மூட்டை ஒன்று எப்போதும் இருக்கும். தோட்டத்து லயங்களிலிருந்து வரும் பெரியவர்கள் அதைத்தான் கேட்பார்கள். இளையவர்களுக்கு அந்த வாடை பிடிப்பதில்லை, வெள்ளை அரிசியே வேண்டும் என்பார்கள். அப்போதெல்லாம் பாட்டனார், "தோட்டத்துச் சனத்தைக் காலில் நிற்கவைத்தது இந்த அரிசிதான்" என்பார். சரக்கு விற்பதற்காகச் சொல்கிறார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மலாயா மருத்துவ வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அவர் சொன்னது முழு உண்மை என்று தெரிந்தது. அவருக்கு அது யாரோ பெரியவர்கள் சொல்லிக் கேட்ட பேச்சாக இருந்திருக்கும். ஆனால் அதன் பின்னால் பல உயிர்களும் ஒரு பெரிய சோதனையும் இருக்கின்றன.

வில்லியம் கேமரன் இந்த மலையை அளந்து எழுதியது 1885-இல். 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே இது மலைவாசத்தலமாக உருப்பெறத் தொடங்கியது. 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலைக்கு வரும் சாலை 1931-இல் முடிந்தது. அந்தச் சாலை வழியாகத்தான் நம் மக்களும், அவர்களுக்கான அரிசி மூட்டைகளும், மூட்டைக்குப் பின்னால் நம் வியாபாரிகளும் மேலே ஏறினார்கள். எந்த அரிசி ஆளைக் கொல்லும், எந்த அரிசி காக்கும் என்ற கேள்விக்கு அதற்கு 25 ஆண்டுகள் முன்பே கீழே கோலாலம்பூரில் விடை கிடைத்திருந்தது.

கால் மரத்துப்போகும் நோய்

அந்த நாளில் மலாயாவைப் பிடித்து ஆட்டிய நோய்களில் மலேரியாவுக்கு அடுத்து எல்லோரும் அஞ்சியது பெரிபெரி. முதலில் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பு வற்றிப்போகும், சிலருக்குக் கால் வீங்கி, மூச்சு முட்டி, இருதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களும், சிறைகளிலும் காப்பகங்களிலும் அடைபட்டிருந்தவர்களும் கூட்டம் கூட்டமாக இதில் மடிந்தார்கள். மண்ணிலிருந்து வரும் விஷக்காற்று என்றார்கள் சிலர். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் கிருமி என்றார்கள் சிலர். தரையைக் கழுவினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், ஆட்களை இடம் மாற்றினார்கள். எதுவும் பலிக்கவில்லை.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அதே ஊரில், அதே வெயிலில், அதே மழையில் வேலை செய்யும் தமிழர்களுக்கு இந்த நோய் வருவதே அபூர்வமாக இருந்தது. கம்பத்தில் வாழும் மலாய்க்காரர்களுக்கும் அப்படித்தான். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர்கள் வீட்டில் உரலில் குத்திய அரிசியைச் சாப்பிட்டார்கள். தமிழர்கள் சாப்பிட்டது நெல்லாக இருக்கும்போதே ஊறவைத்து, அவித்து, காயவைத்துக் குத்திய புழுங்கல் அரிசி. அரிசியில்தான் ஏதோ இருக்கிறது என்று பிராடன் சொன்னார். 1907-இல் அதைப் பற்றிப் பெரிய புத்தகமும் எழுதினார்.

கடல் தாண்டி ஜாவாவிலும் இதே சந்தேகம் எழுந்திருந்தது. கோழிகளுக்குத் தீட்டிய அரிசியை மட்டும் கொடுத்தால் அவையும் கால் தள்ளாடி விழுகின்றன என்று அங்கே எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் கண்டிருந்தார். அவருடைய நண்பர் வோர்டர்மன் ஜாவா, மதுரா தீவுகளின் 101 சிறைகளில் கணக்கெடுத்து, தீட்டிய அரிசி போடும் சிறைகளிலேயே பெரிபெரி மிகுதி என்று 1897-இல் காட்டினார். ஆனாலும் பல மருத்துவர்கள் ஏற்கவில்லை. தமிழருக்கும் சீனருக்கும் சாப்பாடு மட்டுமா வேறு, குடியிருப்பு, பழக்கவழக்கம் எல்லாமே வேறுதானே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

1905 டிசம்பர் 5

கோலாலம்பூரில் அப்போது மனநோயாளர் காப்பகம் ஒன்று இருந்தது. 1905-ஆம் ஆண்டு அங்கே பெரிபெரி கடுமையாகப் பரவிப் பலரைக் கொன்றது. அங்கே பொறுப்பில் இருந்த மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர். அவர் அந்த ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி, நோயாளிகள் அனைவரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்கவைத்து எண்ணினார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு பக்க வார்டுக்கும், இரட்டைப்படை எண்காரர்கள் எதிர்ப்பக்க வார்டுக்கும் போனார்கள். ஒரு வார்டுக்கு எப்போதும் போல் சயாம் பச்சரிசி. மற்ற வார்டுக்கு வங்காளத்திலிருந்து வந்த புழுங்கல் அரிசி. மற்றச் சாப்பாடெல்லாம் இருவருக்கும் ஒன்றே. பிறகு புதிதாக வந்து சேர்ந்தவர்களையும் இதேபோல மாற்றி மாற்றிச் சேர்த்தார்கள்.

ஓராண்டு முடிந்ததும் கணக்குப் பார்த்தார்கள். பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் 34 பேருக்கு அங்கே வந்த பிறகு பெரிபெரி கண்டது. 18 பேர் இறந்துபோனார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் நோயோடு இருந்தவர்கள் 2 பேர் மட்டுமே. அந்த இருவரும் காப்பகத்துக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். பெரிபெரியால் ஒருவர்கூட இறக்கவில்லை.

இதைப் படித்தபோது பாலிடெக்னிக்கில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு மின்சுற்று வேலை செய்யவில்லை என்றால், ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களை மாற்றாதே. மாற்றினால் விளக்கு எரியும், ஆனால் எதனால் எரிந்தது என்று உனக்குத் தெரியாது. மறுபடியும் அணைந்தால் மறுபடியும் தடுமாறுவாய். ஃபிளெட்சர் செய்தது அதுதான். ஒரே கட்டடம், ஒரே காற்று, ஒரே வேலையாட்கள், ஒரே குழம்பு. அரிசி ஒன்று மட்டும் வேறு. யாருக்கு எந்த அரிசி என்பதை மருத்துவரின் விருப்பம் முடிவு செய்யவில்லை, வரிசையில் விழுந்த எண் முடிவு செய்தது. வலுவான ஆட்களை ஒரு பக்கமும் மெலிந்தவர்களை மறுபக்கமும் ஒதுக்கிவிட்டார் என்று யாரும் குறை சொல்ல முடியாது.

இன்னொன்றும் எனக்குப் பிடித்திருந்தது. ஃபிளெட்சர் தமக்குத் தெரிந்ததற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. பச்சரிசிதான் நேராகவோ சுற்றிவளைத்தோ காரணம் என்றார். அரிசியில் விஷம் இருக்கலாம், சத்துக் குறைவாக இருக்கலாம், அந்தச் சத்துக் குறைவால் உடம்பு தளர்ந்து கிருமி தாக்கலாம் என்று மூன்று வாய்ப்புகளையும் எழுதிவைத்தார்.

காரணம் தெரியும் முன்பே கைமேல் பலன்

கோலாலம்பூரில் 1900-இல் அமைந்த மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் இந்தச் சோதனையைத் தொடர்ந்தார்கள். 1907-இல் நெகிரி செம்பிலானில் ஜெலுபு பக்கம், அதுவரை யாரும் குடியிருக்காத காட்டில் சாலை போடப் போன 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். அங்கேயும் வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களுக்கே நோய் வந்தது. குழுக்களின் அரிசியை மாற்றினால் நோயும் கூடவே மாறியது. அரிசியில் விஷம் இல்லை, தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒன்று போய்விடுகிறது என்று 1909-இல் அறிவித்தார்கள். மறு ஆண்டு மணிலாவில் கூடிய மருத்துவர் மாநாடு, வெள்ளை அரிசியையே தொடர்ந்து உண்பதோடு பெரிபெரிக்குத் தொடர்பு உண்டு என்று தீர்மானம் போட்டது.

தவிட்டோடு போவது என்ன? 1912-இல் காசிமிர் ஃபங்க் என்பவர் இதுபோன்ற சத்துகளுக்கு வைட்டமின் என்ற பெயரைக் கொடுத்தார். 1926-இல்தான் ஜாவாவில் ஜான்சன், டோனாத் என்ற இருவர் அரிசித் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். இன்று அதைத் தயமின், அதாவது வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கு அடியில் உள்ள இந்தச் சத்து நீரோடு சேர்ந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதன் பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி உள்ளே தங்கிவிடுகிறது. இது தெரியாமலேயே நம் முன்னோர்கள் காலங்காலமாக நெல் அவித்து வந்தார்கள்.

கோலாலம்பூர் சோதனைக்கும் ஜாவாக் கண்டுபிடிப்புக்கும் இடையே 20 ஆண்டுகள். காரணம் முழுதாகத் தெரியட்டும் என்று அந்த 20 ஆண்டுகளும் காத்திருந்தால் எத்தனை உயிர் போயிருக்கும்! எது பலன் தருகிறது என்று கணக்கு வைத்துப் பார்த்ததால், ஏன் என்று தெரிவதற்கு முன்பே காப்பாற்ற முடிந்தது.

அப்படியும் எல்லா இடத்திலும் உடனே மாற்றம் வந்துவிடவில்லை. தவிடு உள்ள அரிசி சீக்கிரம் சிக்கடித்துப்போகும், தீட்டிய அரிசி கிடங்கில் நாள்பட நிற்கும். வெள்ளைச் சோறு மரியாதைக்குரியது என்ற எண்ணம் வேறு. வியாபாரி என்ற முறையில் அந்தத் தடைகள் எனக்கு நன்றாகப் புரிகின்றன. உண்மை தெரிந்த பிறகும் மூட்டை மாறுவதற்கு நாளாகும்.

கேட்கப்படாதவர்கள்

இந்தக் கதையைப் பெருமையோடு மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த 18 பேர் யார்? அவர்களுடைய பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. உனக்கு எந்த அரிசி வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் நிலையில் பலர் இருந்திருக்கமாட்டார்கள். அவர்களுக்காகப் பேசச் சொந்தக்காரர்களும் பக்கத்தில் இல்லை. மருத்துவருக்கு அன்று விடை தெரியாது என்பது உண்மை. ஆனாலும் ஒரு வார்டில் ஆட்கள் சாகச் சாக, சோதனை ஓராண்டு நடந்தது என்பதும் உண்மை. இன்று எந்த நாட்டிலும் இப்படிச் செய்ய விடமாட்டார்கள். சம்மதம் கேட்க வேண்டும், ஒரு பக்கம் தெளிவாகப் பலன் தெரிந்தால் நிறுத்த வேண்டும் என்ற விதிகள் பின்னாளில் வந்தன.

1911-இல் பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை திறக்கப்பட்டது. சிம்பாங் பூலாய் வழியாக மலையிலிருந்து இறங்கினால் அது நமக்கு வெகுதூரமில்லை. நாம் அந்த ஊர்ப்பெயரை இன்றும் கேலிப்பேச்சுக்குப் பயன்படுத்துகிறோம். அப்படிக் கேலி செய்யப்படுகிற நிலையில் இருந்த மனிதர்கள்தான் ஆசியா முழுவதற்கும் பெரிபெரியிலிருந்து தப்பிக்கும் வழியைக் காட்டினார்கள். இதைப் படித்த பிறகு என் கடையில் அந்தப் பேச்சை நான் அனுமதிப்பதில்லை.

நம் பொட்டலங்கள்

இனி நம் கதை. நம் சங்கம் தோட்டங்களில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு, எந்தச் சமயத்தவர் என்று பார்க்காமல், மாதந்தோறும் சாமான் பொட்டலம் கொடுத்துவருகிறது. அரிசி, சீனி, கெட்டிப்பால், மீன் டின், எண்ணெய். பல ஆண்டுகளாக அந்தச் சாமான் எங்கள் கடையிலிருந்தும் போகிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆகவே நான் இனி எழுதுவது என் வியாபாரத்துக்கு எதிரானது என்றும் நீங்கள் அறியலாம்.

ஒருநாள் ஒரு லயத்து வீட்டுக்குப் பொட்டலத்தோடு போனேன். கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு பாட்டி. இனிப்பு நீர் வியாதியால் கால்விரல் ஒன்று எடுத்தாகிவிட்டது. கட்டிலுக்கு அடியில் பிரிக்காத சீனிப் பைகள் அடுக்கியிருந்தன. "ஏம்மா, இதை வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?" என்றேன். "குடுக்கிறவங்க மனசு நோகக்கூடாதுல்ல, தம்பி. அதுவுமில்லாம யாரும் கேக்கலையே" என்றார். மீன் டின்னைத் திறக்கக் கையில் வலுவில்லை, அதனால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாராம். அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது மாதம் ஒருமுறை கிளினிக்கிற்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட ஒரு வண்டி.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சங்கத்தின் இளைஞர் இருவரை அழைத்துக்கொண்டு, நோட்டுப் புத்தகம் ஒன்றோடு வீடு வீடாகப் போனேன். ஒரே மாதிரிக் கேள்விகள்: கொடுத்ததில் எது பயன்பட்டது, எது மிஞ்சியது, போன மாதம் எங்காவது விழுந்தீர்களா, மருந்து இருக்கிறதா, கடைசியாக யார் வந்து உட்கார்ந்து பேசினார்கள். கடைசிக் கேள்விக்குத்தான் பலர் வெகுநேரம் யோசித்தார்கள். சிலர் பதிலே சொல்லாமல் எங்களுக்குத் தேநீர் போட எழுந்துபோனார்கள்.

நாம் கெட்ட மனதோடு எதையும் செய்யவில்லை. கோலாலம்பூர் காப்பகத்தில் சயாம் அரிசி போட்டவர்களும் கெட்ட மனதோடு போடவில்லை. வழக்கமாகப் போடுவதைப் போட்டார்கள்.

இன்றைய நோய் வேறு, கேள்வி அதேதான்

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, புழுங்கல் அரிசி சாப்பிட்டால் இனிப்பு நீர் வராது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஃபிளெட்சரின் சோதனை பெரிபெரியைப் பற்றிய ஒரு கேள்விக்குத்தான் விடை சொன்னது. இன்று நம் முதியவர்களுக்கு உள்ள துன்பம் வேறு. அதற்கு வேறு சாட்சி தேட வேண்டும்.

அந்தச் சாட்சியும் நம் நாட்டிலேயே கிடைக்கிறது. சுகாதார அமைச்சு 2018-இல் 60 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றி நாடு முழுவதும் எடுத்த ஆய்வில், அவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோயும் 11.2 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும் இருப்பதாகத் தெரியவந்தது. பொட்டலத்தால் தீராத துன்பங்கள் இவை. பிரிட்டனில் 2015-இல், வீட்டுக்குச் சென்று முதியவர்களைக் கவனிப்பது பற்றி ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். அரைமணி நேரத்துக்குக் குறைவான வருகை பொதுவாகக் கூடாது, வருபவர் முடிந்தவரை பழகிய முகமாகவே இருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை.

தோட்டத்து முதியவர்களுக்கு ஒரு காலத்தில் பொது ஏற்பாடு இருந்தது. 1907-இல் தொடங்கிய குடியேற்ற நிதி, உழைத்து ஓய்ந்து போக்கிடமில்லாத இந்தியத் தொழிலாளர்களுக்கு இல்லம் நடத்தியது. 1958-இல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறியது. 1999-இல் கலைக்கப்பட்டது. இன்று லயங்களில் மிஞ்சியிருக்கும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள், அக்கம்பக்கத்தார், சமூகநல இலாகா, நம்மைப் போன்ற சங்கங்கள் ஆகியவைதாம் துணை.

பொன்விழா நிதியைக் கொண்டு முதியோர் இல்லம் கட்டலாம் என்று சிலரும், வீடு தேடிப்போய்க் கவனிக்கலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். இரு தரப்பிலும் நல்லெண்ணம் இருக்கிறது. நான் எந்தத் தரப்பும் பேசவில்லை. செங்கல் வாங்குவதற்கு முன் ஓராண்டு கணக்கு வைத்துப் பார்ப்போம் என்றுதான் கேட்கிறேன். ஒரு தோட்டத்தில் வாரம் ஒருமுறை அரைமணி நேர வருகையையும் கிளினிக் வண்டியையும் முதலில் தொடங்குவோம். ஆறு மாதம் கழித்து அடுத்த தோட்டத்திலும் தொடங்குவோம். எந்தத் தோட்டம் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். இரண்டு இடத்திலும் முதல் நாளிலிருந்தே ஒரே கேள்விகளைக் கேட்டு எழுதுவோம். காத்திருக்கும் தோட்டத்துக்கும் இப்போது போகும் உதவி நிற்காது. விருப்பமில்லை என்று சொல்லும் பெரியவரைத் தொந்தரவு செய்யவேண்டாம். பெயர் வெளியே போகக்கூடாது. விழுந்தவர்கள் குறைந்தார்களா, மருந்து தவறியது குறைந்ததா, இல்லம் வேண்டும் என்று அவர்களில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு, அப்புறம் பொதுக்கூட்டத்தில் முடிவெடுப்போம். நான் நினைப்பது தவறு என்று அந்த நோட்டுப் புத்தகம் சொன்னால், ஏற்றுக்கொள்ளும் முதல் ஆள் நானாக இருப்பேன்.

சீனி விஷயத்தை மட்டும் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்று செயலவை ஒப்புக்கொண்டு, போன மாதம் முதல் வேண்டுமா என்று கேட்டே கொடுக்கிறோம். என் கடையில் சீனி விற்பனை சற்றுக் குறைந்துவிட்டது. அந்தப் பாட்டி இப்போது புழுங்கல் அரிசி கேட்கிறார். வியாதிக்காகவா என்று விசாரித்தேன். "இல்ல தம்பி, சின்ன வயசுல சாப்பிட்டது. அந்த வாசனைக்காக" என்றார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நம் சங்கத்தின் அடுத்த ஐம்பது ஆண்டுகளும் நற்பணியாகவே அமைய அல்லாஹ் அருள்புரிவானாக.